மூணுக்குப் பிறகு மூச்சு

குழந்தையின் நெஞ்சில் இரண்டு நீலப் புள்ளிகள் இருந்தன. ஒன்றை ஒட்டி ஒன்று, ஒரு பெண்ணின் கட்டை விரல் அகலத்துக்கு. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரியும். அதைப் பார்த்ததிலிருந்து மாமியார் வேறு எதையும் பார்க்கவில்லை. வாயில் சொருகியிருந்த குழாயையோ, காலில் சுற்றியிருந்த ஒயரையோ, தலைமாட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டையோ அவள் பார்க்கவில்லை. அந்த இரண்டு புள்ளிகள் மட்டும்தான்.

அது யாருடைய விரல் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மூத்த மருமகளுடையது. அந்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறவள்.

மூன்று நாளைக்கு முன்பு லிஃப்டில் நடந்தது தெரியாதவர்களுக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இளைய மருமகள் சின்னவளுக்கு வலி முற்றி, கீழ்த்தளத்திலிருந்து மேல் மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் அவள். தலைமாட்டில் அவள் புருஷன் சின்னவன். கால்மாட்டில் நர்ஸ் பெரியவள். லிஃப்டுக்குள் அவ்வளவுதான் இடம், அதனால் மாமியார் படியேறி வந்தாள். இரண்டு மாடிக்கு நடுவில் கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் இருமியது, ஓடவில்லை. குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது. அது அங்கேயே வந்துவிட்டது. நனைத்துப் பிழிந்த துணி மாதிரி வந்தது, அழவில்லை.

பெரியவள் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். ஸ்ட்ரெச்சருக்கு அடியில் எப்போதும் வைத்திருக்கிற பிரசவப் பையிலிருந்து முகமூடியையும் ரப்பர் பையையும் எடுத்து அவளே காற்று கொடுத்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் தொப்புள்கொடியில் துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது. மூச்சு மட்டும் போதாது, நெஞ்சை அமுக்க வேண்டும். அமுக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் ரப்பர் பையைச் சின்னவன் கையில் கொடுத்தாள். முகமூடியை எப்படிப் பதிய வைக்க வேண்டும் என்று காட்டினாள். "நான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அமுக்குவேன், நீ மூச்சு குடு தம்பி" என்றாள்.

அங்கேதான் பிசகியது.

சின்னவன் சாரம் கட்டுகிறவன். கட்டிடத்துக்கு வெளியே குழாய்களைக் கோத்து, அதன் மேல் மற்றவர்களை நிற்க வைக்கிறவன். அந்த வேலையில் பாரம் இழுக்கும்போது ஒண்ணுக்குக் காலை ஊன்ற வேண்டும், ரெண்டுக்குக் கயிற்றை இறுக்க வேண்டும், மூணுக்கு இழுக்க வேண்டும். மூணுக்குப் பிந்தி இழுக்கிறவன் பக்கத்தில் நிற்கிறவனைச் சாகடிக்கிறவன். பன்னிரண்டு வருஷமாக அவன் கைக்குத் தெரிந்த மூணு அதுதான். பெரியவளுடைய மூணு வேறு. அவளுடைய மூணு முடிந்த பிறகு, விரல் சும்மா நிற்கிற அந்த இடைவெளியில்தான் மூச்சு.

அவன் மூணுக்கே பையை அமுக்கினான். அவள் விரல் நெஞ்சை இறக்குகிற அதே நேரத்தில். உள்ளே போக வேண்டிய காற்றை அவள் விரலே வாசலில் நின்று திருப்பி அனுப்பியது. அவளோ விரல் இடம் மாறக் கூடாதே என்று தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. "நிறுத்து தம்பி. என் விரல் அசையாதப்போ நீ அமுக்கு" என்றாள். எண்ணுவதையே விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நெஞ்சு ஏறியது, துடிப்பும் ஏறியது, விளக்கும் வந்தது. நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரு பச்சைக் குழந்தைக்கு அது அதிகம்.

சின்னவனுக்கு இது தெரியாது. அண்ணிக்கு விரல் அசந்துபோயிற்று, அதனால் நிறுத்தச் சொன்னாள் என்றுதான் நினைத்திருந்தான். அவனுக்கு இது தெரியவே கூடாது என்பதுதான் இந்த மூன்று நாளாகப் பெரியவளுடைய ஒரே பிரார்த்தனை. குழந்தை பிழைக்க வேண்டும் என்பதற்கு அடுத்தபடியாக.

இன்று காலையோடு குழந்தையைக் குளிர்ச்சியில் வைத்திருந்தது முடிகிறது. மூளை வீங்காமல் இருக்க அப்படி வைப்பார்கள். மெதுவாகச் சூடேற்றிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

*

பெரியவள் புருஷன் பெரியவன் லாரியை நிறுத்திவிட்டு வந்து செருப்பைக் கழற்றாமலே சமையலறை வாசலில் உட்கார்ந்தான். ரோட்டில் எதிரே வருகிற எல்லா வண்டிக்கும் ஹாரன் அடிக்கிறவன். வீட்டில் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வந்தால் மட்டும் ஹாரன் கழன்றுவிடும்.

"அம்மா சொன்னாங்க..." என்று ஆரம்பித்து டீயை எடுத்துக் குடித்தான்.

"குடிச்சிட்டே சொல்லுங்க. ஆறிப்போனா ரெண்டும் கசக்கும்."

"இன்னைக்கு நீ அந்தக் கண்ணாடிப் பக்கம் வர வேண்டாமாம்."

பெரியவள் சரி என்றாள். சரி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான். வரவில்லை என்று அர்த்தம் என்றாள். டாக்டரம்மா விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்கு மட்டும் போக வேண்டும், போய்விட்டுக் கீழ் வாசல் வழியாகவே திரும்பிவிடுகிறேன் என்றாள். அவன் டீக் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தான். இன்னும் ஏதோ கேட்க வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. நீ அமுக்கினது கொஞ்சம் ஜாஸ்தியா போயிடுச்சா?"

மாமியார் கேட்டிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்தாள். அதைக் குழந்தை அளவுக்குச் சுருட்டி அவன் முன்னால் வைத்தாள். கையைக் கொண்டுவாருங்கள் என்றாள். இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கச் சொன்னாள், விரல்கள் எல்லாம் முதுகுக்கு அடியில் போய்த் தாங்கும்படி. கட்டை விரல் இரண்டையும் மேலே நெஞ்செலும்பில் சேர்த்து வைக்கச் சொன்னாள். முலைக்காம்பு இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, அதற்குக் கொஞ்சம் கீழே. மேலே போனால் பிரயோஜனமில்லை, ரொம்பக் கீழே போனால் ஈரல் கிழியும், பக்கத்தில் போனால் விலா எலும்பு.

"இப்ப அமுக்குங்க. நெஞ்சோட ஆழத்துல மூணுல ஒரு பங்கு இறங்கணும்."

மூட்டை தூக்குகிற கை. மிகவும் பயந்து, துண்டுக்கே வலிக்குமோ என்பது போல அமுக்கினான்.

"அது தடவுறது. அதுல ரத்தம் ஓடாது. இன்னும் இறக்குங்க. ம். இப்ப விடுங்க. விரலை எடுக்காதீங்க, எடுத்தா இடம் மாறிடும். பாரத்தை மட்டும் எடுங்க."

"கிளட்ச்சுல கால் இருக்கணும், மிதிக்கக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

பெரியவன் நாலைந்து தடவை செய்தான். செய்யச் செய்ய அவன் முகம் தெளிந்தது. கடைசியில் தலையை ஆட்டினான். அப்படியென்றால் அந்தப் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில்தானே இருக்கின்றன, இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றான். எழுந்தே விட்டான். வாசலில் போய் நின்று திரும்பினான்.

"நீ பண்ணது சரின்னா, எங்கதான் தப்பாச்சு?"

பெரியவள் துண்டை உதறி மடித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள்.

"கரண்டு போனதுதாங்க தப்பு. அத்தைகிட்ட நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்."

"ஏன்?"

"சொன்னா, நீங்க இப்ப கேட்டதை அவங்களும் கேப்பாங்க."

அவனுக்குப் புரியவில்லை. புரியாததைத் துருவிக் கேட்கிற பழக்கமும் அவனுக்குக் கிடையாது. செருப்பு ஏற்கெனவே காலில்தான் இருந்தது, போய்விட்டான்.

*

சின்னவனை வேலைக்கு அனுப்பியது அவன் அம்மாதான். கட்டிடத்தின் பின்சுவரில் அவன் கட்டிய சாரத்தை இன்றைக்குள் உயர்த்தியாக வேண்டும், அவன் போட்ட முடிச்சில் கை வைக்க மற்றவர்களுக்குப் பயம் என்று மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தார். மகன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவளுக்கும் முடியவில்லை. ஒரு எட்டு போய் முடித்துக்கொடுத்துவிட்டு வா, நீ இங்கே நின்றால் மட்டும் அது கண்ணைத் திறந்துவிடுமா என்று அனுப்பிவிட்டாள்.

அவன் செல்போனைச் சோற்றுப் பையில் போட்டுக் கீழே ஒரு கம்பத்தில் மாட்டினான். மேலே போனான்.

கூட வேலை பார்க்கிறவர்களுக்கு அவனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேச்சு தெரியாத இடத்தில் ஆண்கள் வழக்கமாகச் செய்கிறதைச் செய்தார்கள், வேறு ஒருவனைக் கிண்டல் செய்தார்கள். எண்ணிக்கை சொல்கிறவனுக்கு மைக்செட் என்று பேர். அவன் தும்மினால் எதிர் வீட்டு நாய் எழுந்து நிற்கும். மெதுவாகக் கத்துடா மைக்செட், அடுத்த தெருவில் குழந்தைகள் முழித்துக்கொள்ளும் என்று ஒருவன் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சின்னவன்தான் அந்தப் பேச்சை எடுத்துப் போட்டான்.

"கத்தட்டும். எல்லாரும் முழிச்சா நல்லதுதான்."

குழாய்க்கட்டு கீழே தயாராக இருந்தது. கயிறு மேலே கப்பியில் ஓடி இறங்கி நாலு பேர் கைக்கு வந்தது. சின்னவன் முன்னால் நின்றான்.

ஒண்ணு என்றான் மைக்செட். எட்டுக் காலும் பலகையில் ஊன்றின. ரெண்டு என்றான். கயிறு விறைத்தது. மூணு.

பாரம் தரையை விட்டு எழும்பியது. மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு. இன்னொரு முழம். மறுபடி. அவன் உடம்பு அந்தத் தாளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று நாளாக எதுவும் செய்யாமல் நின்ற உடம்புக்கு அது சுகமாகக்கூட இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியதால் தலையைக் குனிந்தான். தன் கையைப் பார்த்தான்.

மூணு என்றதும் விரல்கள் மூடின. அவன் சொல்லி அல்ல. அவை தாமாக மூடின, மைக்செட்டின் வாய் மூடுவதற்கு முன்பே.

இதே மூடலை இந்தக் கை வேறு எங்கோ செய்திருந்தது. கயிற்றில் அல்ல. வழுவழுப்பாக, உள்ளே காற்று நிறைந்த ஒன்றில். அண்ணியின் குரல் எண்ணிக்கொண்டே வந்தது. மூணு என்றாள். அப்போதும் இப்படித்தான் மூடியது. நிறுத்து தம்பி என்றாள். என் விரல் அசையாதப்போ நீ அமுக்கு என்றாள்.

அசையாதபோது. அப்படியானால் அதுவரை அசைகிறபோது.

"என்னடா முன்னாடி ஆளு தூங்குறான்" என்று பின்னால் யாரோ கேட்டான்.

மைக்செட் மறுபடி ஒண்ணு என்றான்.

*

டாக்டரம்மாவின் அறையில் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. பெரியவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். இருபது வருஷம் இந்தக் கட்டிடத்தில் நின்றே பழக்கம்.

கேள்விகள் வரிசையாக வந்தன. குழந்தை வந்தபோது நிறம் என்ன, முதலில் மூச்சு கொடுத்தது யார், நெஞ்சு ஏறியதா, துடிப்பை எப்படிப் பார்த்தீர்கள், எப்போது அமுக்க ஆரம்பித்தீர்கள். எல்லாவற்றுக்கும் உள்ளது உள்ளபடி சொன்னாள். இரண்டு விரலா, கட்டை விரலா என்று கேட்டார். சுற்றிப் பிடித்துக் கட்டை விரல் என்றாள். ஆள் இருக்கும்போது அதுதான் சரி என்று டாக்டரம்மா தலையசைத்தார்.

"பை யார் கையில இருந்தது?"

"குழந்தையோட அப்பா கையில டாக்டர்."

"சரியா குடுத்தாரா?"

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.

"நான் சொன்னபடிதான் குடுத்தார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூணு என்று சொன்னது அவள்தான். மூணுக்குப் பிறகு என்று சொல்லாதது அவள்தான். வார்டில் கூட நிற்கிற நர்ஸுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. சாரம் கட்டுகிறவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கொழுந்தன் என்ன வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா? அவன் ஆட்கள் தெருமுனையில் பாரம் இழுக்கிற சத்தம் எத்தனை நாள் அவள் டியூட்டி முடிந்து வருகிற வழியில் காதில் விழுந்திருக்கிறது.

டாக்டரம்மா அவளையே பார்த்தார். உங்கள் மாமியார் நேற்று என்னிடம் சண்டைக்கு வந்தார், அந்தத் தடம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று நானே கூப்பிட்டு விளக்கட்டுமா என்று கேட்டார். பெரியவள் வேண்டாம் என்றாள்.

"பழியை எதுக்கும்மா சும்மா சுமக்கறீங்க?"

"என் விரல் தடம்தானே டாக்டர். என் பேர்லயே இருக்கட்டும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். நீண்ட காலமாக இந்த வேலையில் இருப்பவர். சொல்லாததைக் கேட்டுவிட்டார் என்று பெரியவளுக்குப் புரிந்தது, அதை எழுதப்போவதில்லை என்பதும் புரிந்தது.

பிறகு குழந்தையைப் பற்றிச் சொன்னார். காலையிலிருந்து சூடேற்றியாயிற்று. வலிப்பு நிற்கவில்லை. கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. மிஷினைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தால் தானாக ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை. குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், அம்மா மடியில் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றார். நர்ஸிடம் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அந்தக் குரல் இல்லை.

*

கீழ் வாசல் வழியாகவே போய்விடுவதாகத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் பிரசவமானவர்களின் வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசிக் கட்டிலிலிருந்து "அக்கா" என்று குரல் வந்தது.

சின்னவள் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி, மேல்துணி நனைந்திருந்தது. பக்கத்துக் கட்டில்களில் குழந்தைகள் மாற்றி மாற்றி அழுதன. பெரியவள் திரையை இழுத்துவிட்டு, அலமாரியிலிருந்து உலர்ந்த துணி எடுத்து வந்து அவள் நெஞ்சில் வைத்துக் கட்டினாள். சின்னவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவர்கிட்ட நீங்க சொல்லலையே?"

"எதை?"

"அக்கா, நான் படுத்துத்தான் கிடந்தேன். சாகலை. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு."

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவள் மெதுவாகச் சொன்னாள். நீங்கள் அவரை நிறுத்தச் சொன்னது கேட்டது, எண்ணுவதை விட்டதும் கேட்டது. அந்த நேரத்தில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் புரிந்தது. அத்தை உங்களைத் திட்டும்போதெல்லாம் வாயைத் திறக்க நினைத்தேன். திறந்தால் அவர் பேர் வரும். அதனால் மூடிக்கொண்டேன்.

"உங்கமேல பழி போட்டுட்டுப் படுத்திருந்தேன்க்கா. தெரிஞ்சேதான் போட்டேன்."

பெரியவளுக்கு அது சுருக்கென்று குத்தியது. மூன்று நாளாகத் தான் ஒருத்தி மட்டும் சுமக்கிறோம் என்று நினைத்த மூட்டையின் மறுமுனையை இவளும் பிடித்திருக்கிறாள், கை கொடுக்காமலே.

"அத்தைகிட்ட வேண்டாம். எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அழுதிருப்பேன். அழுதா அவர் ஏன்னு கேப்பார்."

பெரியவள் அவள் முதுகைத் தேய்த்துக்கொடுத்தாள், புதிதாகப் பிறந்து அழாத குழந்தையைத் தேய்க்கிற மாதிரி, கீழிருந்து மேலாக. எண்ணத் தெரியாமல் எண்ணினது நான், அவன் கை என்ன செய்யும் என்றாள். இது நம்ம ரெண்டு பேரோடு போகட்டும் என்றாள். சின்னவள் தலையை ஆட்டினாள்.

அப்போது ஆயாம்மா வந்து திரையை விலக்கினாள். டாக்டரம்மா மேலே கூப்பிடுகிறார்கள் என்றாள். எதற்கு என்று சின்னவள் கேட்கவில்லை. செருப்பைத் தேடினாள். இடது காலில் வலது செருப்பைப் போட்டாள். பெரியவள் குனிந்து மாற்றிப்போட்டாள்.

*

சின்னவனுக்குப் பெரியவன் போன் செய்துகொண்டே இருந்தான். அது கம்பத்தில் தொங்குகிற சோற்றுப் பைக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, சொல்கிறோம் என்றார்கள்.

குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகளை உரித்தபோதுதான் அந்த முகத்தை எல்லாரும் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்கள். சின்னவன் மூக்கு. ஒரு துணியில் சுற்றி அம்மா மடியில் வைத்தார்கள். மாமியார் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவள் வாசல் நிலையிலேயே நின்றாள்.

"நீ தொட்டது போதும்" என்றாள் மாமியார், அவளைப் பார்க்காமலே. கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. பெரியவன் வாயைத் திறந்து மூடினான்.

சின்னவள் மாமியாரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், குழந்தையிடம் திரும்பிவிட்டாள். அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் இல்லை. டாக்டரம்மா குனிந்து ஸ்டெத்தை அந்த இரண்டு புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார், கேட்டார், இடம் மாற்றிக் கேட்டார். பிறகு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

யாரும் நெஞ்சை அமுக்கவில்லை. இனி அமுக்கக் கூடாது என்று பெரியவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் கட்டை விரல்கள் துடித்தன. அவற்றை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவன் வந்தபோது குழந்தையின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. உடம்பெல்லாம் சிமெண்ட் தூசி. வலது கையில் சட்டைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தான், அது நனைந்து கறுத்திருந்தது. வாசலில் அண்ணியைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றான். உள்ளே போய்ச் சின்னவள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தான். தூசியைத் துடைத்துக்கொண்டு தொடலாம் என்று கையைப் பார்த்தான். அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் தலையைத் தொட்டான்.

ரொம்ப நேரம் கழித்து, தரையில் சொட்டியிருந்த ரத்தத்தை மாமியார்தான் பார்த்தாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த நேரத்திலும் தாய்க்குத் தன் பிள்ளையின் காயம் கண்ணில் படாமல் போகாது.

"கையில என்னடா?"

"கயிறு."

"இத்தனை வருஷமா உன்னை ஒண்ணும் பண்ணாத கயிறா?"

சின்னவன் குழந்தையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மூணு சொன்னாங்கம்மா. நான் இழுக்கலை."

நாலு பேர் இழுக்க வேண்டிய பாரம் மூன்று பேர் கையில் விழுந்து, கயிறு அவன் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பாரம் பாதியில் நின்றுவிட்டது, யாருக்கும் அடியில்லை. அதை அவன் சொல்லவில்லை, அதுவரைக்கும் போதும் என்று நிறுத்திக்கொண்டான்.

சின்னவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். பெரியவளும் அவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு திரைக்குப் பின்னால் இரண்டு பேரோடு போகட்டும் என்று முடிச்சுப்போட்டு வைத்தது, அவர்கள் கண்ணெதிரிலேயே அவிழ்ந்து கிடந்தது.

"ஏன் இழுக்கலை?" என்று கேட்டாள் மாமியார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவனைக் கேட்டாள், அவனுக்குத் தெரியாது. மருமகள்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஒன்றும் அறியாதவள் அல்ல. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த அறையில் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. குழந்தையின் நெஞ்சில் இருந்த புள்ளிகளை முதல் தடவையாக மறந்து, மகனின் கையைப் பார்த்தாள்.

பெரியவள் சுவரோரத் தட்டிலிருந்து பஞ்சும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. சின்னவன் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அவன் தயங்கினான். பிறகு பின்னால் வைத்திருந்த கையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். ஒட்டியிருந்த துணியை அவள் நனைத்து நனைத்துப் பிரித்தாள். உள்ளங்கை குறுக்கே பிளந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை மடித்து வைத்து, மற்ற விரல்களை அவன் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கி, கட்டை விரல் இரண்டையும் சேர்த்து அதன் மேல் வைத்தாள்.

"அமுக்கினா வலிக்கும் தம்பி."

"அமுக்குங்க அண்ணி" என்றான்.